ஏழரை நிமிடம்

அவர் லிப்ட் மெக்கானிக். கம்பெனியில் அவரை 'ஆகாசம்' என்றுதான் கூப்பிடுவார்கள். லிப்டின் மோட்டார் அறை எப்போதும் மொட்டை மாடியில் இருக்கும். மற்ற மெக்கானிக்குகள் வேலை முடிந்ததும் கை கழுவிக்கொண்டு கீழே இறங்கி டீ குடிப்பார்கள். இவர் மட்டும் மாடியிலேயே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பார். "மேல என்னய்யா இருக்கு, இன்னொரு லிப்டா?" என்று ஒருத்தர் கேட்கப்போக, அன்றிலிருந்து ஒட்டிக்கொண்ட பெயர் அது.

மூடப்போன ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து எட்டு அங்குலத் தொலைநோக்கி ஒன்றை அவர் விலைக்கு வாங்கியபோது அவருக்கு வயது நாற்பது. முதலில் எல்லோரையும் போல நிலாவையும் சனியின் வளையத்தையும்தான் பார்த்தார். பிறகு ஒரு சங்கத்தின் இணையப் பக்கத்தில் வேறொரு வேலை கண்ணில் பட்டது. தூரத்து நட்சத்திரம் ஒன்றைச் சுற்றும் கோள், நமக்கும் அந்த நட்சத்திரத்துக்கும் நடுவே கடந்து போகும்போது நட்சத்திரத்தின் வெளிச்சம் ஒரு துளி குறையும். நூறில் ஒரு பங்கு, சில சமயம் அதுகூட இல்லை. கோளைக் கண்ணால் பார்க்க முடியாது. அந்த மங்கலை மட்டும் அளக்கலாம். எப்போது மங்கத் தொடங்கியது, எப்போது தெளிந்தது என்று நேரம் குறித்து அனுப்பினால், பெரிய தொலைநோக்கி வைத்திருப்பவர்களே வாங்கிக்கொள்வார்கள்.

இது அவருக்குப் பிடித்துப்போயிற்று. தொலைநோக்கியில் கேமராவைப் பொருத்தினார். பழைய லேப்டாப் ஒன்றை மாடிக்குக் கொண்டுபோனார். நிமிஷத்துக்கு ஒரு படம் எடுத்து, ஒவ்வொரு படத்திலும் நேரத்தைப் பதிந்து வைப்பது லேப்டாப்பின் வேலை. ஏழு வருஷத்தில் அறுபதுக்கு மேற்பட்ட கோள்களின் கடப்புகளை அளந்து அனுப்பிவிட்டார்.

அதில் ஒரு கோள் பத்தொன்பது நாளுக்கு ஒருமுறை தன் நட்சத்திரத்தைச் சுற்றி வரும். கடக்க மூன்று மணி நேரம் எடுத்துக்கொள்ளும். அந்த வருஷம் அதன் கடப்புகளில் மூன்று அவருடைய வானத்தில் மாட்டின. முதலாவது சரியான நேரத்துக்கு வந்தது. இரண்டாவது இரண்டு நிமிஷம் முன்னதாக வந்தது. மூன்றாவது ஆறு நிமிஷம் முன்னதாக வந்துவிட்டது.

கோள் அப்படி நேரம் தவறக் கூடாது. தவறினால், பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத இன்னொரு கோள் அதைப் பிடித்து இழுக்கிறது என்று அர்த்தம். அவருடைய அளவுகளை வாங்கிக்கொண்டிருந்த ஆய்வாளர் அன்றைக்கே போன் செய்தார். முப்பத்தைந்து வயதுப் பெண். வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கும் வேலையில் இருந்தார். அவர் குரலே மாறியிருந்தது.

"சார், இது பெரிய விஷயமா இருக்கலாம். நான் மலை மேல இருக்கிற பெரிய டெலஸ்கோப்புக்கு எழுதிப் போடப் போறேன். கிடைச்சா அடுத்த கடப்பை அதுலயே பார்த்துடலாம். கட்டுரையில உங்க பேர் என் பேருக்கு அடுத்ததா வரும்."

எழுதிப் போட்டார். ஆறு மணி நேரம் கிடைத்தது. அந்த டெலஸ்கோப்பில் அந்தப் பெண்ணுக்குக் கிடைத்த முதல் வாய்ப்பு அது. இன்னும் ஐந்து நாளில் கடப்பு. அதற்கு முன்னால் வந்த வெள்ளிக்கிழமையில்தான் எல்லாம் தலைகீழாயிற்று.

ஆகாசத்தின் மனைவி பஸ் டிப்போவில் டைம் கீப்பர். எந்த வண்டி எத்தனை மணிக்கு உள்ளே வந்தது, எத்தனை மணிக்கு வெளியே போனது என்று குறிப்பது அவர் வேலை. காலை ஏழு பத்துக்குத் தெருமுனையில் ஊழியர் பஸ் வரும். ஏழு மூன்றுக்குச் செருப்பை மாட்டினால் சரியாக இருக்கும். பதினான்கு வருஷமாக அவர் அந்தப் பஸ்ஸை ஒருநாளும் விட்டதில்லை.

அன்று காலை சாப்பாட்டு மேசையில் மாடி லேப்டாப் இருந்தது. கல்லூரிக்குப் போகும் மகளுடைய லேப்டாப் படுத்துவிட்டதால், ஒரு விண்ணப்பம் நிரப்ப இதை இறக்கிக் கொண்டுவந்திருந்தாள். அம்மா டீயைக் குடித்துக்கொண்டே திரையின் மூலையில் இருந்த நேரத்தைப் பார்த்தார். ஆறு ஐம்பத்தெட்டு. இன்னும் நேரம் இருக்கிறதே என்று நிதானமாக இன்னொரு வாய் டீ குடித்தார். தலையை வாரிக்கொண்டு தெருவில் இறங்கியவர், மூன்றாவது நிமிஷமே திரும்பி வந்தார். முகம் சிவந்திருந்தது.

"பஸ் என் கண்ணு முன்னாலயே போகுது! ஊர்ல இருக்கிற டிரைவரையெல்லாம் லேட்டுன்னு எழுதுறவ நான். இன்னைக்கு என் பேரையே எழுதிக்கணும்."

"உன் வாட்ச் ஸ்லோவா ஓடியிருக்கும்மா," என்றாள் மகள்.

"என் வாட்ச்சா? டிப்போ கடிகாரமே என் வாட்ச்சைப் பார்த்துத்தான்டி ஓடுது. இந்தப் பாழாப்போன டப்பாவைப் பார்த்துத்தான் மோசம் போனேன்."

உள்ளறையில் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்த ஆகாசத்தின் கை அப்படியே நின்றது. வெளியே வந்து மேசையைப் பார்த்தார். மனைவியின் கைக்கடிகாரம் ஏழு பன்னிரண்டு காட்டியது. அவர் போனும் ஏழு பன்னிரண்டு. லேப்டாப் ஏழு நான்கு என்றது.

"நெட்ல போட்டா தானா சரியாயிடும்பா. நான் இன்னும் கனெக்ட் பண்ணல. இதோ..." என்று மகள் விரலை நீட்டினாள்.

"தொடாதே!"

அவர் அப்படிக் கத்தி அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை. மகள் கையை இழுத்துக்கொண்டாள். அவர் நாற்காலியில் உட்கார்ந்து, போனில் நொடி காட்டும் கடிகாரத்தைத் திறந்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பத்து முறை ஒப்பிட்டு எழுதினார். லேப்டாப் ஏழு நிமிஷம் முப்பது நொடி பின்தங்கியிருந்தது.

"ஏழரையா?" என்றார் மனைவி. கோபத்திலும் அவருக்கு வாய் அடங்காது. "நல்ல நம்பராத்தான் பிடிச்சிருக்கீங்க."

ஆகாசம் சிரிக்கவில்லை. ஐந்து மாதத்துக்கு முன்னால் மகளின் ஆன்லைன் வகுப்புக்காக நெட் பெட்டியைக் கூடத்திலிருந்து அவள் அறைக்கு மாற்றியிருந்தார்கள். மாடிக்குச் சிக்னல் எட்டவில்லை. படம் எடுக்க நெட் எதற்கு என்று அவரும் விட்டுவிட்டார். அதுவரை லேப்டாப் தினமும் நெட்டைக் கேட்டுத் தன் நேரத்தைத் தானே திருத்திக்கொண்டிருந்தது. கேட்க ஆள் இல்லாமல் போனதும் தினம் மூன்று நொடி மெல்ல மெல்லப் பின்னால் போயிருக்கிறது. கடிகாரம் பின்தங்கினால், வானத்தில் நடப்பதெல்லாம் முன்னதாக நடப்பது போலத்தான் தெரியும். முதலில் சரியாக, பிறகு இரண்டு நிமிஷம், பிறகு ஆறு நிமிஷம்.

எழுதிய தாளை மகள் பக்கம் தள்ளினார்.

"அப்ப அந்த இன்னொரு கோள்?" என்றாள் மகள்.

"அது மேல இல்லம்மா. இந்தப் பெட்டிக்குள்ள இருந்திருக்கு."

மனைவிக்கு அப்போதுதான் உறைத்தது. கோபம் போய், குரல் இறங்கியது. அந்தப் புதுக் கோளைப் பற்றி டிப்போ முழுக்க அவர் சொல்லி வைத்திருந்தார். பணிமனை மேலாளர்கூட, "அந்தப் பேப்பர் வந்ததும் நோட்டீஸ் போர்டுல ஒட்டலாம்மா" என்று சொல்லியிருந்தார்.

"இன்னைக்கே சொல்லணுமா? அவங்கதான் அஞ்சு நாள்ல அவ்வளவு பெரிய டெலஸ்கோப்ல பார்க்கப் போறாங்களே. பார்த்து அவங்களே தெரிஞ்சுக்கட்டுமே. உங்க கடிகாரம்னு யாருக்குத் தெரியப் போகுது?"

அதுதான் சிக்கல். யாருக்கும் தெரியப் போவதில்லை. லேப்டாப்பை நெட்டில் போட்டால் ஒரு நொடியில் அது யோக்கியமாகிவிடும். பெரிய டெலஸ்கோப்பில் கோள் சரியான நேரத்துக்கு வந்தால், என்னவோ அந்தமுறை அப்படி இருந்தது என்று எல்லோரும் தலையைச் சொறிவார்கள், அவ்வளவுதான். ஆனால் ஆய்வாளர் திங்கட்கிழமை அனுப்பிய கடிதம் அவருக்கு நினைவில் இருந்தது. வெள்ளி மாலை ஐந்து மணிக்கு டெலஸ்கோப்பின் பட்டியலை மூடிவிடுவார்கள். அதற்குள் வேண்டாம் என்று சொன்னால், வரிசையில் காத்திருக்கும் வேறொரு குழுவுக்கு அந்த ஆறு மணி நேரம் போகும். ஐந்துக்குப் பிறகு யாருக்கும் மாற்ற முடியாது.

மனைவி ஆட்டோ பிடித்துப் போனார். ஆகாசம் பைக்கை எடுத்தார்.

காலையில் துணிக் கிடங்கு ஒன்றில் சரக்கு லிப்ட். கதவு சரியாக மூடவில்லை என்று புகார். பதினொரு மணிக்கு மாடிப்படியில் நின்று ஆய்வாளருக்குப் போன் போட்டார். இரண்டு முறை மணி அடித்ததும் தானே வெட்டினார். பன்னிரண்டரைக்கு அந்தப் பெண்ணே கூப்பிட்டார்.

"கூப்பிட்டீங்களா சார்? எல்லாம் தயாரா இருக்கு. ரெண்டு நாளா எனக்குத் தூக்கமே இல்ல, சந்தோஷத்துல."

ஆகாசம் மென்று விழுங்கினார். "ஒண்ணுமில்ல மேடம். கை பட்டுருச்சு."

போனைச் சட்டைப்பையில் போட்ட பிறகு அவருக்கே தன் மேல் அருவருப்பாக இருந்தது. வேலையில், பார்க்காத பிரேக்கைப் பார்த்ததாக ஒருமுறைகூடக் கையெழுத்துப் போட்டதில்லை அவர். இப்போது வாய் தானாகவே பொய் சொல்லிவிட்டது.

மூன்று இருபதுக்கு அலுவலகத்திலிருந்து அவசர அழைப்பு. கிளினிக்குகள் நிறைந்த எட்டு மாடிக் கட்டடத்தில் லிப்ட் ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவே நின்றுவிட்டது. உள்ளே ஒரு பல் டாக்டர். ஆகாசமும் அவர் கூட்டாளியும் போய்ச் சேர்ந்தபோது மூன்று நாற்பது. கூட்டாளி மோட்டார் அறைக்கு ஏறினார். ஆகாசம் ஆறாவது மாடிக் கதவைச் சாவி போட்டு ஒரு விரல் அகலம் திறந்து, இடுக்கில் வாயை வைத்துப் பேசினார்.

"டாக்டர், நாங்க வந்துட்டோம். கதவை நீங்க தொடாதீங்க. வெளிய வர முயற்சி பண்ணாதீங்க."

"இப்ப ரெண்டு நிமிஷத்துல ஆயிடும்னு சொல்லிச் சொல்லியே அந்த மேனேஜர் என்னை அரை மணி நேரம் உக்கார வெச்சுட்டாரு," என்றது உள்ளேயிருந்து வந்த குரல். மூச்சு வாங்குவது கேட்டது. "எனக்கு மூடின இடம்னா ஆகாது. மேல ஒரு ஆளு மரத்துப்போன வாயோட நாற்காலியில கிடக்கிறாரு. ஐயா, எனக்குச் சமாதானம் வேண்டாம். நிஜ நேரம் என்னன்னு சொல்லுங்க. தெரிஞ்சா நான் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்துக்குவேன்."

ஆகாசம் மேலே கத்திக் கேட்டார். பிரேக் இறுகியிருக்கிறது, கையால் விடுவிக்க வேண்டும் என்று பதில் வந்தது.

"இருபத்தஞ்சு நிமிஷம் டாக்டர். குறையாது."

"சரி," என்றது குரல். அதற்குப் பிறகு மூச்சு கொஞ்சம் சீரானது.

கூட்டாளி மெயினை அணைத்துவிட்டுப் பிரேக்கை நெம்பினார். சக்கரத்தைக் கையால் சுற்றச் சுற்றக் கூண்டு அங்குலம் அங்குலமாக மேலே வந்தது. "கொஞ்சம்... இன்னும் கொஞ்சம்... நிறுத்து!" என்று ஆகாசம் குரல் கொடுத்தபடி இருந்தார். நெற்றி வியர்வை கண்ணில் இறங்கியது. துடைக்கக் கையில்லை. இடையில் சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. எடுக்க முடியாது. தரைமட்டத்துக்குக் கூண்டு வந்து கதவு திறந்தபோது நான்கு பதினொன்று. டாக்டர் வெளியே வந்து சுவரில் சாய்ந்து, ஆகாசத்தின் எண்ணெய்க் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு, மாடிப்படியில் ஏறிப் போனார்.

போனைப் பார்த்தார். மனைவி அனுப்பிய செய்தி. 'எட்டு நிமிஷம் லேட்னு என் பேரை எழுதிட்டேன். ஒண்ணும் தலை போகல. நீங்களும் சொல்லிடுங்க.'

லிப்டைப் பூட்டி, எச்சரிக்கைப் பலகை மாட்டி, கீழே சிக்னல் கிடைக்கும் இடத்துக்கு வரும்போது நான்கு இருபத்தெட்டு. ஆய்வாளரின் போன் பிஸியாக இருந்தது. மறுபடியும் பிஸி. நான்கு முப்பத்தைந்துக்கும் அதே. வாசல் படியில் நின்றவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நான்கு முப்பத்தெட்டுக்கு அந்தப் பெண் எடுத்தார்.

"சொல்லுங்க சார்!"

"மேடம், என் கடிகாரம் தப்பு."

மறுமுனை கேட்பதற்குள் அவரே தொடர்ந்தார்.

"லேப்டாப் ஏழரை நிமிஷம் பின்னால ஓடுது. இன்னைக்குக் காலையில ஏழு மணிக்கே தெரியும். மத்தியானம் நீங்க கேட்டப்ப பொய் சொன்னேன். கை படல. நான்தான் கூப்பிட்டேன், பயந்துட்டு வெட்டினேன்."

"எப்பலேருந்து?" குரல் தட்டையாக இருந்தது.

"அஞ்சு மாசமா நெட் இல்ல. தினம் மூணு நொடின்னு வெச்சுக்கிட்டா, அந்த மூணாவது தடவைக்கு அஞ்சரை நிமிஷம்கிட்ட வரும். நிச்சயமாச் சொல்ல முடியல."

"சார், எனக்கு இந்த ஆறு மணி நேரம் என்னன்னு உங்களுக்குத் தெரியுமா? வர்ற மாசம் என் வேலையை நீட்டிக்கிறதைப் பத்திப் பேசப் போறாங்க. நான் இதைத்தான் காட்டப் போறேன்னு சொல்லியிருக்கேன்."

பக்கத்தில் ஒரு பைக் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது.

"அந்த மூணு ராத்திரியும் எடுத்த படங்கள் இருக்கா?" என்று பிறகு அந்தப் பெண் கேட்டார்.

"முதல் ரெண்டு ராத்திரி இடம் இல்லன்னு அழிச்சுட்டேன். மூணாவது இருக்கு."

"முழுப் படமா?"

"முழுப் படம்தான்."

"இடது கீழ் மூலையில ஒரு நட்சத்திரம் வெளிச்சம் ஏறி ஏறி இறங்கும். கவனிச்சிருக்கீங்களா?"

கவனிக்காமல் என்ன? ஒப்பிடுவதற்கு லாயக்கில்லாத அந்த நட்சத்திரத்துக்கு அவர் 'தொல்லை' என்று பேர் வைத்திருந்தார்.

"அது ரெண்டு நட்சத்திரம், ஒண்ணை ஒண்ணு சுத்துது. மூணரை மணி நேரத்துக்கு ஒருதரம் மங்கும். எத்தனை மணிக்கு மங்கும்னு நொடிக் கணக்குல தெரியும். உங்க படத்துல அது எப்ப மங்குதுன்னு அளந்தா, அன்னைக்கு உங்க கடிகாரம் எவ்வளவு தப்புன்னு தெரிஞ்சுடும். எவ்வளவு நேரம் ஆகும்?"

"வீட்டுக்குப் போய்ச் செய்யணும் மேடம். நாளைக்காவது ஆகும்."

"எனக்கு இருக்கிறது பதினஞ்சு நிமிஷம். ஒருவேளை மூணு நாலு நிமிஷம் மிச்சம் நின்னா? அப்ப கோள் இருக்கு. நான் டெலஸ்கோப்பைக் கையால தூக்கிக் கொடுத்தவளா ஆயிடுவேன்."

"நிக்கலாம். நிக்காமலும் போகலாம். எனக்குத் தெரியல மேடம். தெரிஞ்சதை மட்டும் சொல்றேன்."

போன் வெட்டுப்பட்டது.

அவர் அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். கூட்டாளி வந்து, "என்னய்யா, முகத்துல ஈயாடல?" என்று கேட்டபோதும் போனில் நேரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான்கு ஐம்பது. நான்கு ஐம்பத்தெட்டு. ஐந்து. அந்தப் பெண் என்ன முடிவு செய்தார் என்று தெரியாமல் பத்து நிமிஷம் போயிற்று. பிறகு ஒரே வரிச் செய்தி வந்தது: 'திருப்பிக் கொடுத்துட்டேன்.'

சனியும் ஞாயிறும் அவர் மேசையைவிட்டு எழுந்திருக்கவில்லை. அந்த ராத்திரியின் முன்னூற்றுச் சொச்சம் படங்களில் ஒவ்வொன்றாகத் 'தொல்லை'யின் வெளிச்சத்தை அளந்தார். மகள் எண்களைப் படிக்க, அவர் வரைந்தார். ஏதாவது மிச்சம் இருக்க வேண்டுமே என்று மனம் அடித்துக்கொண்டது. பாதியில் ஒருமுறை புள்ளிகள் அப்படி இப்படிச் சிதறி, மூன்று நிமிஷம் மிச்சம் போலக்கூடத் தெரிந்தது. மேகம் மறைத்த படங்கள் என்று பிறகுதான் புரிந்தது. அவற்றை நீக்கிவிட்டு மறுபடி முதலிலிருந்து வரைந்தார். ஞாயிறு மத்தியானம் கோடு வளைந்து, இறங்கி, ஏறியது. கடிகாரம் அன்று ஐந்து நிமிஷம் நாற்பது நொடி பின்தங்கியிருந்தது. ஆறில் அது போக, மிஞ்சியது இருபது நொடி. அவர் தொலைநோக்கியின் சாதாரணப் பிழையே ஒரு நிமிஷம். இன்னொரு கோள் என்று சொல்ல அங்கே எதுவும் இல்லை.

அப்படியே எழுதி அனுப்பினார். 'பார்த்தேன்' என்று ஒரு சொல்லில் பதில் வந்தது. அதன் பிறகு இரண்டு மாதம் எதுவும் வரவில்லை.

மனைவி டிப்போவில் தானே போய்ச் சொல்லிவிட்டார். சிலர் கிண்டல் செய்தார்கள். "கோளே லேட்டா வந்துச்சா, இல்ல உங்க வீட்டுக்காரரா?" என்று ஒரு டிரைவர் கேட்க, "உன் வண்டியைவிட ரெண்டு பேருமே சீக்கிரம்தான்" என்று வாயை அடைத்துவிட்டு வந்தார். ஆனால் வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. தொலைநோக்கியின் மேல் ஆகாசம் உறையைப் போட்டு மூடினார். வெயிலில் அந்த உறை வெளுக்கத் தொடங்கியது. தன்னால் ஒரு பெண்ணின் வேலை போயிருக்குமோ என்ற எண்ணம் லிப்ட் குழிக்குள் நிற்கும்போதெல்லாம் வரும். கேட்கத் துணிவில்லை.

ஒரு மாலை அந்தப் பெண்ணே கூப்பிட்டார்.

"சார், ரெண்டு மாசமா உங்க மேல கோபமா இருந்தேன். பொய் சொல்ல மாட்டேன். எல்லாரும் உக்காந்திருந்த கூட்டத்துல எழுந்து நின்னு, நான் சொன்னது இல்லன்னு ஆயிடுச்சுன்னு சொன்னேன். ஒரு வருஷம் நீட்டிச்சுக் கொடுத்திருக்காங்க. அதுக்கு மேல என்னன்னு தெரியல. இப்ப வேற விஷயம். விண்வெளி டெலஸ்கோப் ஒண்ணு நீங்க அளந்த அந்தக் கோளோட காத்துல என்ன இருக்குன்னு பார்க்கப் போகுது. அவங்களுக்குக் கடப்போட நேரம் துல்லியமா வேணும். தப்பான நேரத்துக்குத் திரும்பிப் பார்த்தா எல்லாம் வீண். இந்தப் பருவத்துல உங்க பக்கம் ஒரு கடப்பு விழுது. அளந்து தர்றீங்களா?"

"என்னையா கேக்குறீங்க?"

"நாப்பது பேர் எனக்கு அனுப்புறாங்க. எத்தனை பேர் கடிகாரம் சரியா ஓடுதுன்னு எனக்குத் தெரியாது. உங்களுது எவ்வளவு தப்புன்னு நொடி வரைக்கும் தெரியும்."

ஆகாசம் செயற்கைக்கோளிலிருந்து நேரம் வாங்கும் சின்னக் கருவி ஒன்றை வாங்கி லேப்டாப்பில் பொருத்தினார். அது போதாதென்று மனைவியின் கைக்கடிகாரத்தோடும் போனோடும் ஒப்பிட்டு எழுதிவைத்தார். கடப்பு இரவு எட்டு நாற்பத்திரண்டுக்குத் தொடங்க வேண்டும். ஏழு மணிக்கே வடக்கே மேகம் திரண்டது. எட்டேகாலுக்கு நட்சத்திரத்துக்கு ஒரு சாண் தள்ளி வந்து நின்றது. மூவரும் மாடியில் நின்று அதையே பார்த்தார்கள். மகள் மேகத்தைக் கையால் தள்ளிவிடுவது போல ஒருமுறை வீசினாள். எட்டு முப்பத்தொன்பதுக்கு அது விலகத் தொடங்கியது.

திரையில் புள்ளிகள் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தன. எல்லாம் ஒரே மட்டத்தில். எட்டு நாற்பத்திரண்டில் விழுந்த புள்ளியும் அதே மட்டத்தில்தான். ஆகாசம் திரைக்கு இன்னும் அருகே குனிந்தார். அடுத்தது ஒரு மயிரிழை கீழே. அதற்கடுத்தது இன்னும் கீழே. நட்சத்திரம் மங்கிக்கொண்டிருந்தது. கோள் உள்ளே போய்விட்டது.

"வந்துடுச்சாப்பா?"

"வந்துடுச்சும்மா."

அந்தக் கோளின் காற்றைப் பற்றிய கட்டுரை வெளிவர ஒன்றரை வருஷம் ஆயிற்று. அதில் இரண்டாவது கோள் பற்றி ஒரு வரியும் இல்லை. நேரங்களின் அட்டவணை ஒன்று இருந்தது. அதில் பதினேழாவது வரி அவருடையது. பக்கத்தில் பிழை என்ற இடத்தில், நாற்பத்தொரு நொடி என்று போட்டிருந்தது. அவர் அந்த வரியைப் போனில் இரண்டு முறை படித்தார். பிறகு போனை வைத்துவிட்டு, பைக் சாவியைத் தேடினார். கண் ஆஸ்பத்திரி லிப்ட் மூன்றாவது மாடியில் குலுங்குகிறது என்று காலையிலேயே புகார் வந்திருந்தது.